சுரங்கத்துக்கு முன் மண்ணைத் தரம் பார்க்க வேண்டும்

கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் 2023 ஜூலையில், நெய்வேலி என்.எல்.சி. நிறுவனத்தின் இரண்டாம் சுரங்க விரிவாக்கப் பணிக்காகக் கால்வாய் வெட்டியபோது, வயலில் நின்ற நெற்பயிர் இயந்திரங்களால் அழிக்கப்பட்டது. அந்த நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்று நிறுவனம் கூறியது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பயிருக்கு ஒரு கணக்கு கிடைத்தது. பயிரைத் தாங்கிய மண்ணுக்குக் கணக்கு என்ன?

சின்னசேலம் விவசாயிகள் இதைத் தூரத்துச் செய்தி என்று விட்டுவிடக் கூடாது. கல்வராயன் மலையில் பெய்யும் மழை மணிமுக்தா ஆற்றின் வழியே விருத்தாசலத்துக்குத்தான் போகிறது. காவிரிப் படுகைக்கு 2020ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. கல்வராயன் அடிவாரம் அதில் சேரவில்லை. பெரிய சுரங்கமானாலும் ஊர்ப்புறத்துக் கிராவல் குவாரியானாலும், முதலில் போவது மேல்மண்தான்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்கு 150 அடிக்கும் மேலாக மண்ணையும் மணற்கல்லையும் களியையும் அகற்ற வேண்டியுள்ளது. இவ்வளவு பெரிய குவியலில் விளைச்சல் தருவது மேலே உள்ள சில அடி மட்டுமே. மேல் ஓரடியில் மக்கும் நுண்ணுயிரும் மண்புழுவும் உள்ளன. அடுத்த இரண்டு மூன்று அடியில் வேர் இறங்குகிறது, ஈரம் தங்குகிறது. இது உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. அடியிலிருந்து வரும் களியோடு ஒருமுறை கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை.

நெய்வேலி மண்மேடுகளில் மரங்கள் வளர்க்கப்பட்டுள்ளன. மீட்ட நிலத்தில் பயிரும் செய்து காட்டியுள்ளனர். இது பாராட்டத்தக்கதே. ஆனால் பசுமை தெரிவது வேறு, பழைய விளைச்சல் திரும்புவது வேறு. பழைய மண் எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாவிட்டால் எதை வைத்து ஒப்பிடுவது?

அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சுரங்கச் சட்டம் இதற்கு வழி செய்தது. சுரங்க அனுமதி கேட்கும் பரப்பில் முதல்தர விளைநிலம் உண்டா என்று மண் ஆய்வு செய்து காட்ட வேண்டும். இருந்தால், மேல்மண்ணையும் அதன் கீழ் அடுக்கையும் தனித்தனியே எடுத்து வைத்து, பொதுவாக 4 அடி ஆழத்துக்கு அதே வரிசையில் திரும்பப் போட வேண்டும். பக்கத்தில் தோண்டப்படாத அதே தர நிலத்தின் விளைச்சலை எட்டிக் காட்டும்வரை நிறுவனத்தின் பிணைத்தொகை முழுவதும் விடுவிக்கப்படாது.

நம் நாட்டில் 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியில்லாதபோதுதான் எடுக்கலாம் என்கிறது. சில வகை எடுப்புகளுக்கு அச்சட்டத்திலேயே விலக்கும் உண்டு. மின்சாரம் தேவை என்பதை யாரும் மறுக்கவில்லை. கிணற்று மோட்டார் ஓடுவதும் அதனால்தான். ஆனால் நிலவரித் திட்டத்தின்போது ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் மண் வயனமும் தரமும் பார்த்து அ-பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். தீர்வை வாங்குவதற்கு மண்ணைத் தரம் பார்த்த அரசு, மண்ணையே எடுக்க அனுமதிக்கும்போது பார்க்க வேண்டாமா? சர்வே எண் வாரியாக மண் ஆய்வு முடிந்து, அதன் அறிக்கை தமிழில் ஊராருக்குக் கிடைத்த பிறகே அனுமதி தருவது முறை.

உரச் சிபாரிசுக்காக அரை அடி ஆழத்தில் எடுக்கும் மண் மாதிரி இதற்குப் போதாது. 5 அடிக் குழி வெட்டி, எத்தனை அடியில் சரளை அல்லது சுண்ணாம்பு தட்டுகிறது, நீர் எப்படி இறங்குகிறது, உப்பு எவ்வளவு என்று அடுக்கு அடுக்காகப் பார்க்க வேண்டும்.

விவசாயிகளும் வாளாவிருத்தல் கூடாது. அ-பதிவேட்டு நகல், ஆண்டுதோறும் அடங்கல் நகல், மண் பரிசோதனை முடிவு, ஒவ்வொரு போகத்திலும் கண்ட மூட்டைக் கணக்கு ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் முதலில் கேட்க வேண்டியது இழப்பீட்டுத் தொகையை அல்ல. மண் ஆய்வு அறிக்கையை. பணத்தைப் பிறகும் பேசிக் கூட்டலாம். பார்த்து எழுதி வைக்காத மண்ணை, தோண்டிய பிறகு யாரும் எழுத முடியாது.