தோற்றது மாணவனா?

தேர்வு முடிவு வெளிவரும் நாள்! முதல் மதிப்பெண் பெற்றவன் படம் ஏடுகளில். அவன் படித்த பள்ளியின் பெயர் சுவரெங்கும். அதே நாளில், அதே ஊரில், கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுகிறான் மற்றொரு பிள்ளை. ஏன் அழுகிறான் என்று கேட்டால் கிடைக்கும் பதில் என்ன? "தலையெழுத்து" என்கிறார் தாத்தா. "ஏழரைச் சனி" என்கிறார் சோதிடர். "கோழை" என்கிறார் ஆசிரியர். மூவரும் வழங்கும் தீர்ப்பு ஒன்றே: குற்றவாளி மாணவனே!

இந்தத் தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தற்கொலையால் மாண்ட மாணவர் 13,044 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. நாளொன்றுக்கு முப்பத்தைந்து பேர்! நாள்தோறும் ஒரு வகுப்பறை காலியாகிறது. தேர்வுத் தோல்வியே காரணம் எனப் பதிவான சாவுகள் 2,248. இத்தனை பேரையும் ஒரே சனியா பிடித்தது? கோள்கள் தேர்வு அட்டவணையைப் பார்த்துவிட்டா வருகின்றன? காய்ச்சலால் இத்தனை பேர் மாண்டால் குடிநீரைச் சோதிக்கிறோம், கொசுவை ஒழிக்கிறோம். மாணவன் மாண்டால் மட்டும் சாதகத்தைப் புரட்டுவதா?

சட்டமும் நெடுங்காலம் சோதிடர் பக்கமே நின்றது. உயிரை விட முயன்று பிழைத்தவனுக்கு ஓராண்டு வரை சிறை என்றது, 1860இல் வெள்ளையர் இயற்றிய தண்டனைச் சட்டம். மருத்துவமனையில் ஆறுதல் தேடியவன் கட்டிலருகே காவலர்! 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்த பிறகே, அவன் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவன், அவனைப் பேணுவது அரசின் கடமை என்பது விதியாயிற்று. இந்த எளிய உண்மையை உணர இந்நாட்டுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குச் சென்ற பதினேழு வயதுப் பெண் ஒருத்தி மாண்டாள். அவள் தந்தை நீதிமன்றப் படியேறினார். அவ்வழக்கில் 2025 ஜூலை 25 அன்று உச்சநீதிமன்றம் பதினைந்து நெறிமுறைகளை வகுத்தது. நூறு மாணவரோ அதற்கு மேலோ பயிலும் ஒவ்வொரு கல்விக்கூடத்திலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருக்கவேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவரை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கலாகாது. பலர் முன் இழிவுபடுத்தலாகாது. ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தரவேண்டும் என்றெல்லாம் கூறுகிறது அத்தீர்ப்பு. வரவேற்கிறோம், மனமார வரவேற்கிறோம்!

ஆனால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? பணியிடம் எத்தனை, ஊதியம் யார் தருவது என்று கேட்கவேண்டாமா? கணக்கு ஆசிரியரின் சட்டையில் ‘ஆலோசகர்’ என்றோர் அட்டையைக் குத்திவிட்டு, ஆணை நிறைவேறிற்று என்று கோப்பை மூடுவது கொள்கையாகாது. காலையில் பிரம்பெடுத்த கையிடம் மாலையில் கண்ணீரைக் காட்டுவானா பிள்ளை? நம்பிச் சொன்ன செய்தி மறுநாள் ஆசிரியர் அறையில் பேச்சானால், அதன்பின் எவன் வாய் திறப்பான்? எனவே, கற்றுத் தேர்ந்தவர் வேண்டும். தனி அறை வேண்டும். சொன்ன சொல் அங்கேயே காக்கப்படவேண்டும்.

அதுவும் போதாது. கூரை ஒழுகுகிறது, நனைந்த பிள்ளைக்குத் துண்டு நீட்டுகிறோம். துண்டு தேவைதான். கூரையை வேய்வது யார்?

வேய முடியும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. பொதுத்தேர்வில் ஒரு பாடத்தில் தவறினாலும் ஓராண்டை இழந்து வீட்டில் கிடந்த காலம் இங்கு உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உடனடித் துணைத்தேர்வு வந்தது. சில வாரங்களில் மீண்டும் எழுதி, அவ்வாண்டே கல்லூரியில் சேர வழி பிறந்தது. "தைரியமாக இரு" என்னும் ஆயிரம் அறிவுரைகள் செய்யாததை ஓர் அரசாணை செய்தது.

சாதியோ இன்னும் பெரிய ஓட்டை. 2016இல் ஐதராபாத்தில் ரோகித் வெமுலா. 2019இல் மும்பையில் பாயல் தாட்வி என்னும் பழங்குடி மருத்துவ மாணவி. இருவர் சாவையொட்டியும் நாடெங்கும் எழுந்த வினா சாதியைப் பற்றியதே. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் தன் வீட்டிலேயே உடன் படித்தோரால் வெட்டப்பட்டான். அதன்பின் அமைந்த நீதிநாயகம் சந்துரு குழு, சாதி காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையிலிருந்து அகற்றவேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. இழிவுபடுத்தப்பட்ட பிள்ளையை அழைத்து, "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்று மட்டும் கூறி, இழிவு செய்தவன் பக்கத்திலேயே மீண்டும் உட்காரவைத்தால், அது மருத்துவமா, கொடுமைக்குத் துணைபோவதா?

இளைஞர்களே! உங்கள் கல்லூரியில் ஆலோசகர் யார், அவர் அறை எங்கே என்று கேளுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் அமையவேண்டிய கண்காணிப்புக் குழு கூடியதா என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். பேச்சடங்கி ஒதுங்கியிருக்கும் நண்பனிடம் விதியைப் பேசாதீர். அருகில் அமருங்கள், அவன் பேசட்டும். 14416 என்ற எண்ணை அழைத்தால் இரவானாலும் பகலானாலும் கட்டணமின்றி உதவி கிடைக்கும் என்று சொல்லுங்கள்.

அவன் தவறியது ஒரு தேர்வில். அவனைக் காக்கத் தவறும் அரசும் சமுதாயமும் எழுதவேண்டிய தேர்வு இன்னும் முடியவில்லை.