அம்பாசடருக்கு எதுக்குங்க ஜீரோ டபிள்யூ ஆயில்?

காப்பிப் பழம் பறிக்கிற நெருக்கடியில ரெண்டு வாரமா எதுவும் எழுத முடியலை. இன்னைக்கும் விவசாயம் இல்லை, வண்டி. ஆனா மூட்டையைச் சேலத்துக்கு எறக்கறது வண்டிதானே, அதனால இதுவும் விவசாயக் கணக்குலதான் வரும்.

எங்க கிளியூர்ப் பக்கம் பழைய அம்பாசடர் இன்னும் சிலது உசுரோட ஓடுது. எங்களுது 1977 மாடல், மார்க் 3, பெட்ரோல், 1489 சிசி. ராத்திரி ஒரு மணிக்கு யாருக்காவது நெஞ்சு வலின்னா 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி ஆஸ்பத்திரி போகணும். அந்த நேரத்துல வண்டி நின்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஷோவுக்கு நிறுத்தி வைக்கிற கார் இல்லைங்க இது. அதனாலதான் இவ்வளவு கோவம்.

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருத்தர் அவரோட அம்பாசடருக்கு ஆயில் வாங்கப் போனார். கடையில, "அண்ணா, இருக்கறதுலயே ஒசத்தி இதுதான்"னு 0டபிள்யூ-20 ஃபுல்லி சிந்தெடிக் டப்பாவைக் கையில குடுத்துட்டாங்க. அஞ்சாறு மாசத்துல எஞ்சின் டக்டக்குனு தட்ட ஆரம்பிச்சது. பிரிச்சுப் பாத்தா கேம் ஷாஃப்ட்ல ரெண்டு மேடு தேஞ்சு வழவழன்னு கெடக்கு. அந்த ஆயில் ஒண்ணுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன், எஞ்சினுக்கும் வயசாச்சு. ஆனா அந்த டப்பா அந்த எஞ்சினுக்கானது இல்லைங்கறதுல எனக்குச் சந்தேகமே கிடையாது.

டபிள்யூக்கு முன்னாடி இருக்கற நம்பர் குளிர்ல ஸ்டார்ட் ஆகறதுக்கு. 0டபிள்யூங்கறது மைனஸ் 35 டிகிரியில செல்ஃப் அடிச்சு சோதிக்கிற ஆயில். ஏற்காட்டுல மார்கழி மாசம் பல்லு கிடுகிடுக்கும்தான், அதுக்காக மைனஸ் 35 எப்பங்க வந்தது? 20டபிள்யூவே மைனஸ் 15 வரைக்கும் தாங்கும். பின்னாடி இருக்கற நம்பர்தான் சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்றது. தேஞ்ச பேரிங்ல 20 நம்பர் தண்ணி மாதிரி ஓடிரும். மலை ஏறி வந்து ஐடிலிங்ல நிறுத்துனா ஆயில் லைட்டு கண் சிமிட்டும். 50 அப்படி ஓடாது. அதனாலதான் அந்தக் காலத்துல இருந்து 20டபிள்யூ-50.

இதைவிட முக்கியமானது ஜிங்க். அம்பாசடர் எஞ்சின்ல கேம் ஷாஃப்ட் மேல டேப்பட் நேரா உரசிக்கிட்டே ஓடும், நடுவுல உருளை கிடையாது. அந்த உரசல்ல இரும்பை இரும்பு தின்னாம காப்பாத்தறது ஆயில்ல இருக்கற துத்தநாகமும் பாஸ்பரஸும் சேந்த ஒரு மருந்து. புது கார்ல சைலன்சர் பக்கம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கு, பாஸ்பரஸ் அதைக் கெடுக்கும். அதனால ஏபிஐ எஸ்என், எஸ்பி தரத்துல 20, 30 நம்பர் ஆயிலுக்கெல்லாம் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு வரம்பு போட்டாங்க. 40, 50 நம்பருக்கு அந்த வரம்பு இல்லை. புது காருக்கு அது நியாயம். எங்க வண்டியில கன்வெர்ட்டரே கிடையாதே, நாங்க எதுக்கு அதுக்குப் பத்தியம் இருக்கணும்? மண்ணு புளிச்சுக் கெடந்தா காப்பிக்குச் சுண்ணாம்புதான் போடணும். விலை ஒசந்த உரமா பாத்துக் கொட்டுனா காய்ச்சிருமா?

20டபிள்யூ-50 கிடைக்கலைன்னா லாரிக்கு ஊத்தற 15டபிள்யூ-40, சிஐ-4 ப்ளஸ் ஊத்துங்க, அதுல ஜிங்க் தாராளம். இன்னொரு கூட்டம் இருக்கு, "எதை ஊத்துனாலும் ஓடும்"பாங்க. ஓடும். நாலு நாள் பழைய எண்ணெயிலயும் பஜ்ஜி வேகத்தான் செய்யும்.

இப்ப ப்ளக். இந்த எஞ்சினுக்கு நீள மரை, 19 மில்லிமீட்டர். என்ஜிகேல பிபி6இஎஸ், பழைய ஆளுங்க மைக்கோன்னு சொல்ற பாஷ்ல டபிள்யூ7டிசி. கேப் 25 தௌ, அதாவது 0.6 மில்லிமீட்டர் சொச்சம். குட்டை மரை பிபி6ஹெச்எஸ் அதே ஓட்டையில அழகா ஏறும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். ஆனா தீப்பொறி குழிக்குள்ள ஒளிஞ்சுக்கும், காலியா இருக்கற மரையில கரி அடையும். பின்னால சரியான ப்ளக்கைப் போடறப்ப ஹெட்டு மரையே பிச்சுக்கும்.

எங்க மலையில எல்லா மெக்கானிக்கும் ஒரே பாட்டுத்தான்: "ப்ளக் கருப்பாகுது, சூடான ப்ளக் போடு." கருப்பாகறது உண்மை. ஏற்காடு 1500 மீட்டர் ஒசரம், காத்து அடர்த்தி சேலத்துக் கீழ்நிலத்தை விடக் கணிசமாக் கம்மி. கார்புரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோலை ஏறக்குறைய பழையபடியே ஊத்தும், ப்ளக்குல கரி பிடிக்கும். அதுக்கு மருந்து கார்புரேட்டர்ல மிக்ஸ்ச்சரைக் குறைக்கறது. சூடான ப்ளக்கைப் போட்டுட்டு, மூட்டையோட அடிவாரத்துல இருந்து வெயில்ல ஏறிப் பாருங்க. தீப்பொறிக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும், எஞ்சின் கலகலன்னு அடிக்கும், கடைசியில பிஸ்டன் ஓட்டையாகும். இப்ப பங்க்ல வர்ற இ20 பெட்ரோல் வேற. அதுல 20 சதவீதம் எத்தனால், அதுவே மிக்ஸ்ச்சரை இளைக்க வைக்கும். மேல நமக்கு அது கொஞ்சம் சாதகம், கீழ எறங்குனா பாதகம். (ரப்பர் ஹோசைத் தின்னுது, அது தனிக் கதை.) அதனால சூடான ப்ளக்குக்கு முன்னைவிட இப்பத்தான் வேலையே இல்லை.

இதுல நம்பர் குழப்பம் வேற. என்ஜிகேல நம்பர் ஏற ஏற ப்ளக் குளிர்ச்சி. பாஷ், சாம்பியன்ல நம்பர் ஏற ஏற சூடு. கம்பெனி மாத்தி வாங்கறப்ப நம்பரை மட்டும் பாத்துட்டு வாங்காதீங்க. இரிடியம் ப்ளக்? பல மடங்கு விலை. ஆயில் குடிக்கிற எஞ்சின்ல அதுவும் அதே மாதிரிதான் கருகும்.

2014ல அம்பாசடர் உற்பத்தி நின்னு போச்சு. தேஞ்ச கேம் ஷாஃப்டுக்குப் பழைய சாமான் கடையிலதான் தேடணும். பக்கத்துத் தோட்டக்காரர் இன்னும் தேடிட்டு இருக்கார். உங்கள்ல யாருக்காவது நல்ல நெலமையில ஒண்ணு எங்கயாவது கெடக்கறது தெரிஞ்சா சொல்லுங்க.