பழைய பிஎஸ்4 கன்ட்ரோலர் பிஎஸ்5-ல் வேலை செய்யுமா? பர்மா பஜார் போகும் முன் இதைப் படிங்க!

வடசென்னையில் கேம் கன்சோல் வாங்கணும்னாலே நினைவுக்கு வரும் இடங்களில் ஒன்று, துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலையில் உள்ள பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-ல் உருவான சந்தை இது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பிஎஸ்4-லிருந்து பிஎஸ்5-க்கு மாற நினைப்பவர்களுக்கு ஒரு கேள்வி இருக்கும். 'வீட்ல இருக்குற பழைய கன்ட்ரோலர் போதுமா, புதுசு வாங்கணுமா?'

இது சின்ன விஷயம் இல்லை. 2021 பிப்ரவரி 2-ல் பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடலின் விலை 49,990 ரூபாய். கூடுதலாக ஒரு டூயல்சென்ஸ் கன்ட்ரோலரின் விலை அப்போது 5,990 ரூபாய். அண்ணன், தம்பி சேர்ந்து விளையாடணும்னா இந்தச் செலவும் சேரும்.

கனெக்ட் ஆகும், ஆனால்...

பிஎஸ்4-ன் டூயல்ஷாக் 4 கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் சொருகி, நடுவில் உள்ள பிஎஸ் பட்டனை அழுத்தினால் பிஎஸ்5-ல் கனெக்ட் ஆகிவிடும். மெனுவும் நகரும். ஏமாறுவது இங்கேதான். பிஎஸ்4 கேம்கள் ஓடும். பிஎஸ்5-க்கென வந்த கேமைத் திறந்தால், டூயல்சென்ஸைப் பயன்படுத்தச் சொல்லி திரையில் அறிவிப்பு வரும்.

காரணம் என்ன?

சிக்னல் பிரச்னை இல்லை. இரண்டுமே ப்ளூடூத்தில் இயங்குபவைதான். இது சோனி எடுத்த முடிவு. பிஎஸ்5 கேம்கள் புதிய கன்ட்ரோலரின் வசதிகளைப் பயன்படுத்த வேண்டும் என்பதால் டூயல்ஷாக் 4-க்கு அனுமதி இல்லை என 2020 ஆகஸ்ட்டிலேயே அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. அழுத்தும்போது இறுக்கம் மாறும் ட்ரிகர், நுணுக்கமான அதிர்வு ஆகியவை டூயல்ஷாக் 4-ல் இல்லை. ஆனால் உரிமம் பெற்ற ரேஸிங் வீல், ஆர்கேட் ஸ்டிக் போன்றவற்றுக்கு பிஎஸ்5 கேம்களிலும் அனுமதி உண்டு.

மற்ற நிறுவனங்கள் எப்படி?

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போனது. எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர், 2020 நவம்பரில் வந்த சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் கேம்களுக்கும் ஒத்துப்போகும். அதற்கும் முந்தைய எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் செல்லாது. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-ல் பழைய ஜாய்-கான் வயர்லெஸ்ஸாக இயங்கும்; ஆனால் கன்சோலின் பக்கவாட்டில் மாட்ட முடியாது.

காசை மிச்சப்படுத்த வழி இருக்கா?

இருக்கு. எஃப்சி 25, ஜிடிஏ 5 போன்ற கேம்களுக்கு பிஎஸ்4 பதிப்பும் உண்டு. பிஎஸ்5-ல் அந்தப் பதிப்பை ஓட்டினால், ஒருவர் டூயல்சென்ஸிலும் இன்னொருவர் பழைய கன்ட்ரோலரிலும் சேர்ந்து ஃபுட்பால் ஆடலாம். கிராஃபிக்ஸ் கொஞ்சம் குறையும். பல கேம்களில் சேவ் செய்த ஆட்டம் ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தானாக மாறாது.

பழைய கன்ட்ரோலரைத் தூக்கிப் போடவும் வேண்டாம். கம்ப்யூட்டரில் ஸ்டீம், ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 முதலான போன்களில் அது இயங்கும். கெட்டுப்போனாலும் குப்பையில் போடக் கூடாது. உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் மின்கழிவு சேகரிப்பு மையத்தில்தான் கொடுக்க வேண்டும்.

கடையில் என்ன செய்யணும்?

செகண்ட் ஹேண்டில் பிஎஸ்5 வாங்கினால், பெட்டியில் டூயல்சென்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய கன்ட்ரோலரைக் கொடுத்து 'இதுவும் ஓடும்' என்றால், மெனுவை மட்டும் பார்த்துத் தலையாட்ட வேண்டாம். ஒரு பிஎஸ்5 கேமைப் போட்டு, ஆட்டம் தொடங்கும் வரை பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். அந்த ஐந்து நிமிடச் சோதனை, புது கன்ட்ரோலருக்கான கூடுதல் செலவை முன்கூட்டியே சொல்லிவிடும்.