குப்பைக்கு விலை உண்டா?

உண்டு சகோதரிகளே! நானே கண்ணால் பார்த்தேன்.

என் தங்கை அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறாள். அவள் குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோது போய்த் தங்கியிருந்தேன். போன மறுநாளே மூக்கைச் சிந்தினாள். "அக்கா, இவர் குப்பைக்கு டாலர் கொடுக்கிறார். நீயாவது கேளேன்!"

விஷயம் இதுதான். மாப்பிள்ளைக்குப் பழைய பொம்மை சேர்க்கும் பித்து. 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' படம் வந்து சக்கைப்போடு போட்டதல்லவா, அதன் பொம்மைகள். செய்தவர்கள் அதே ஒஹையோவின் சின்சினாட்டி நகரத்துக் கென்னர் கம்பெனி. படம் அவ்வளவு ஓடும் என்று எதிர்பார்க்காததால், அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பொம்மை தயாராகவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமோ? பொம்மையே இல்லாத அட்டை உறையை, 'நாலு பொம்மை பின்னால் தபாலில் வரும்' என்ற சீட்டோடு விற்றார்கள்! பெற்றோர்களும் வாங்கினார்கள். குழந்தை முகம் வாடினால் நமக்குப் பொறுக்குமா?

ஒவ்வொரு பொம்மையும் நாலு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அவற்றை நிறுத்தி விளையாட இடம் வேண்டாமா? கொலுவில் பார்க்கும் குளமும் வைப்போமே, அந்த மாதிரி ஒரு அமைப்பு. 'பிளேசெட்' என்கிறார்கள். மாப்பிள்ளையிடம் இருந்தது 'டெத் ஸ்டார்', வில்லனின் ஆகாயக் கோட்டை. மாடி மாடியாகப் பிளாஸ்டிக் தளங்கள், கையால் ஏற்றி இறக்கும் லிப்ட், உச்சியில் பீரங்கி. அடியில் குப்பை அறை! படத்தில் கதாநாயகன் கோஷ்டி குப்பைக் கிடங்கில் மாட்டிக்கொள்ள, சுவர் நெருங்கி வருமே, அந்தக் கட்டம். பொம்மையிலும் திருகைத் திருப்பினால் சுவர் நகர்கிறது. குப்பையாகப் போட ஸ்பாஞ்சுத் துண்டுகள், நடுவே பச்சை நிறப் பிராணி ஒன்று.

தளமும் தூணும் கிடைத்துவிடுமாம். ஸ்பாஞ்சுக் குப்பைதான் அபூர்வம். அது இல்லாவிட்டால் செட் பூர்த்தியாகாதாம். ஏன் கிடைப்பதில்லை என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தக் காலத்து அம்மாக்கள் வீடு பெருக்கியிருப்பார்கள்! போதாததற்கு ஸ்பாஞ்சு நாளானால் பொடிப்பொடியாக உதிரும்.

எனக்கு மாப்பிள்ளை பக்கம்தான் பேசத் தோன்றியது. நான் பழைய பித்தளைச் சாமான் சேர்க்கவில்லையா? தங்கை என்னை முறைத்தாள்.

நாலாம் நாள், குழந்தை ஹால் மூலையில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தது. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு நுனியில் ஸ்பாஞ்சு! கண்ணுக்குத் தெரிந்ததால் எடுத்துவிட்டேன். (தெரியாததை விரல் விட்டுத் துழாவக் கூடாது. இன்னும் உள்ளே தள்ளிவிடும்.) எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகு நேரமாயிற்று.

மாப்பிள்ளை வெளிறிப்போனார். அவரே சொன்னார்: இன்னொரு ஆகாயக் கதையான 'பாட்டில்ஸ்டார் கலாக்டிகா'வின் விமானப் பொம்மையிலிருந்து பாய்ந்த சின்ன ஏவுகணை தொண்டையில் சிக்கி, நாலு வயதுப் பையன் ஒருவன் இறந்தானாம். 1979 ஜனவரியில் அந்தப் பொம்மையைத் திரும்பப் பெற்றார்கள். கென்னரும் தன் பொம்மை ஒன்றின் பாயும் ராக்கெட்டை அசையாமல் ஒட்டியே அனுப்பியது. 1980 முதல் அங்கே ஒரு விதி. ஒண்ணேகால் அங்குல அகலமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுசாக அடங்கும் துண்டு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுச் சாமானில் இருக்கக் கூடாது. பழைய பொம்மைக்கு இதெல்லாம் ஏது?

சாயத்திலும் ஆபத்து உண்டு. இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தார் சுமார் 200 பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். பலவற்றில் ஈயமும் காட்மியமும் இருந்தன. மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்களில்தான் அதிகம். அப்பா விளையாடியது என்று ஆசையாகப் பிள்ளை கையில் கொடுத்துவிடாதீர்கள். வாயில் வைக்கும் வயசு தாண்டட்டும்.

அன்று சாயந்திரமே செட் முழுவதும் பூட்டுள்ள கண்ணாடி அலமாரிக்குப் போயிற்று. ஜன்னல் வெயில் படாத மூலையில் வைக்கச் சொன்னேன், வெளிச்சத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகிவிடுமே. தூசியைத் துடைக்க வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி போதும். காகித ஸ்டிக்கரில் மட்டும் ஈரம் படக் கூடாது.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று சோபாவுக்கு அடியில் பெருக்கிய தங்கைக்கு இன்னொரு துண்டு அகப்பட்டது. குப்பைக்கூடை வரை கொண்டுபோனவள், என்ன நினைத்தாளோ, அலமாரிச் சாவி எங்கே என்று கேட்டாள்.