ஓவியமும் வேண்டும், பேச்சும் வேண்டும்!



பறவை படம் வரையச் சொன்னால் நம்மில் பலர் மயில் வரைவோம்; இல்லாவிட்டால் கிளி. இயற்கைக் காட்சி என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், வானத்தில் 'டிக்' அடித்தது போல நான்கு கோடுகள். அந்தக் கோடுகள்தாம் பறவைகளாம்!

ஆனால், தேனி மாவட்டம் மார்க்கையன்கோட்டைப் பக்கம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்களைப் பாருங்கள். உழவு நடக்கும்போது கொக்குகள் பின்னாலேயே நடக்கும். பறக்கும்போது கொக்கு கழுத்தை மடக்கிக்கொள்ளும். நத்தைகுத்தி நாரையோ கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும். வரைய உட்கார்ந்தால்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

படம் மட்டும் போதுமா? போதாது. ஆட்காட்டிக் குருவியை அழகாக வரைந்துவிடலாம். அது மரத்தில் கூடு கட்டாமல் தரையிலேயே முட்டையிடும், முட்டை கூழாங்கல் போலவே இருக்கும் என்பதை யாராவது சொன்னால்தானே தெரியும்? அதைக் கேட்ட பிள்ளை வரப்போரத்தில் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பான். படம் கண்ணை இழுக்கும்; பேச்சு முட்டையைக் காப்பாற்றும்.

1896இல் பிறந்த சலீம் அலி, சுமார் பத்து வயதில் பொம்மைத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டுவிட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம்! அது என்ன பறவை என்று கேட்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே செயலாளராக இருந்த மில்லர்டு சிறுவனை விரட்டவில்லை. பறவையின் பெயரைச் சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். அன்று கண்டதும் கேட்டதும் அவரைப் பறவை அறிஞராக்கின. 1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் நூல், வண்ணப் படங்களோடு வந்தது.

நம் திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். பறவை, விலங்குகளைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். படங்களையும் தாமே வரைந்தார். 1950 முதல் 1996இல் மறையும் வரை ஒரே நாளிதழில் அவர் கட்டுரைகள் வந்தன.

நீங்களும் தொடங்கலாமே! நவம்பர் 12, சலீம் அலியின் பிறந்த நாள். அன்று உங்கள் பள்ளியில் ஓவியக் கண்காட்சி வையுங்கள். ஆளுக்கொரு பறவை, உங்கள் ஊரில் நீங்களே பார்த்ததாக இருக்க வேண்டும். படத்தின் பக்கத்தில் நின்று, அது எங்கே இருக்கும், என்ன தின்னும், எப்படிக் கத்தும் என்று ஐந்து நிமிடம் பேசுங்கள். ஊர்மக்களையும் அழையுங்கள். வயலில் வேலை செய்யும் தாத்தா ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். நமக்குத் தெரியாத பறவைப் பெயர்கள் அவரிடம் இருக்கும்!

2015இல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் ஆசிரியர் துணையுடன் கலந்துகொள்ளலாம்.

ஒன்றை மறவாதீர்கள். படத்துக்காகக் கூட்டைக் கலைக்கக் கூடாது. முட்டையைத் தொடக் கூடாது. கிளியைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். உண்டிவில் எடுக்கும் கை பென்சிலை எடுக்கட்டும். கல் பட்ட பறவையை ஒருமுறைதான் பார்க்க முடியும். வரைந்த பறவையை மறுநாளும் போய்ப் பார்க்கலாம்!

அன்புடன்,
ஆசிரியர்