ஆள் மாறியாச்சு... அட்ரஸ் புக் மாறலையே!

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. மக்கள் வீடுகளைவிட்டு ஓடினர். அப்படியொரு ராத்திரியில், எப்போதோ மாற்றலாகிப் போன அதிகாரிக்கு எச்சரிக்கை மெயில் போனால் என்ன ஆகும்?

ஆலையின் பொது அட்ரஸ் புக்கை ஐடி பிரிவு திருத்தினால் மட்டும் போதாது. நம் கணினியில் உள்ள நகலை அவுட்லுக் வழக்கமாக நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். 'சென்ட்/ரிசீவ்' பகுதியில் 'டவுன்லோட் அட்ரஸ் புக்' கொடுத்தால் புதிய பட்டியல் இறங்கும். பெயரைத் தட்டும்போது பழைய முகவரியே வந்து நின்றால், பக்கத்திலுள்ள 'எக்ஸ்' குறியை அழுத்தி நீக்கலாம்.

சரி, இதையெல்லாம் யார், எப்போ செய்றது? அபாயகர ரசாயனங்களுக்கான 1989 விதிகளின்படி, இத்தகைய ஆலைகள் 6 மாதத்துக்கு ஒருமுறை அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும். சைரனைச் சோதிக்கும் அன்றைக்கே அட்ரஸ் புக்கையும் சோதிப்பதுதான் சரி.