பட்டாளத்துக்காரர் பெட்டிக்குக் கூலி கேட்கலாமா?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் "டோல்கேட்" என்று ஓர் இடம் இருக்கிறது. வட சென்னைவாசிகளுக்குப் பழக்கமான பெயர். வண்டிகளுக்குச் சுங்கம் வாங்கிய சாவடியால் வந்த பெயர் அது. சாவடி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. இன்று அங்கே மெட்ரோ ரயில் நிற்கிறது. 2021 பிப்ரவரியில் இந்தப் பாதை திறந்தது முதல், அங்கே ஏறுகிறவர் வண்டி மாறாமலே மீனம்பாக்கம் விமான நிலையத்தில் போய் இறங்கலாம்.

அப்படி இறங்குகிறவர்களில் ராணுவத்தில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. வடக்கே எல்லையில் வேலை. கையிலே பெட்டி, படுக்கைச் சுருள், கம்பளி உடுப்பு, கனத்த பூட்ஸ். விமான நிலையத்தில் தராசு காத்திருக்கிறது. முள் 15 கிலோவைத் தாண்டினால், "கூடுதல் சாமானுக்குப் பணம் கட்டுங்கள்" என்கிறார்கள்.

தேசம் போகச் சொல்லிப் போகிறவர், பெட்டிக்குத் தன் கையிலிருந்து கூலி கொடுப்பது நியாயமா? இதுதான் கேள்வி.

அன்னியர் போட்ட சட்டம்

இந்தக் கேள்விக்கு 1901-ம் ஆண்டிலேயே ஒரு பதில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்கள் நம்மவர்கள் அல்ல. கர்சன் பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்து வெள்ளைக்காரச் சர்க்கார்தான் எழுதியது. ராணுவத்தாருக்குச் சுங்க விலக்கு அளிக்கும் சட்டம் அது. கடமையின் பேரில் போகிற சிப்பாயிடம் சாலையிலும் பாலத்திலும் ஓடத்துறையிலும் சுங்கம் கேட்கக் கூடாது என்று அது விதித்தது. சிப்பாயோடு நிற்கவில்லை, அவருடன் போகிற சாமான்களுக்கும் விலக்கு உண்டு என்றது. அந்தச் சட்டம் இன்றும் ஏட்டில் இருக்கிறது.

அதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சலுகை கடமைக்காக, ஆளுக்காக அல்ல. மற்றொன்று, அது சட்டம். சாவடிக்காரர் மனம் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற சங்கதி அல்ல.

ரயிலில் 40, விமானத்தில் 15

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி நம் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அது முதல் பட்டாளத்துக்காரர் பயணம் என்றால் பெரும்பாலும் ரயில் பயணம்தான். ரயிலில் தூங்கும் வசதி வகுப்பு டிக்கெட்டுக்கே 40 கிலோ சாமான் இலவசம். டிரங்குப் பெட்டியைப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் குண்டு வெடித்து மத்திய ரிசர்வ் போலீஸ் வீரர்கள் 40 பேர் மாண்டார்கள். சாலை வழிப் பயணத்தின் ஆபத்தை நாடே கண்டது. ஒரு வாரத்துக்குள், டில்லி–ஸ்ரீநகர், ஜம்மு–ஸ்ரீநகர் மார்க்கங்களில் மத்திய போலீஸ் படையினர் எல்லோரும் விமானத்தில் போகலாம் என்று உள்துறை உத்தரவு போட்டது. சுமார் 7,80,000 பேருக்கு அதனால் வசதி. நல்ல காரியம்தான். ஆனால் ஆள் விமானத்தில் ஏறிவிட்டார். பெட்டிக்குத்தான் வழி தெளிவாகவில்லை.

நம் விமானக் கம்பெனிகள் ராணுவத்தாருக்குச் சலுகைக் கட்டணம் தருகின்றன. அதை மறைக்க வேண்டாம். 2025 மே மாதம் எல்லையில் சண்டை மூண்டு விடுமுறைகள் ரத்தானபோது, ஏர் இந்தியா படையினரின் டிக்கெட் பணத்தை முழுவதும் திருப்பித் தர முன்வந்தது. பாராட்டுவோம். ஆனால் அந்தச் சலுகை ஜூன் 30 வரையிலான பயணங்களுக்குத்தான். கம்பெனி கொடுத்த சலுகைக்குக் கம்பெனியே தேதி குறிக்கும். குறை சொல்ல முடியாது.

அமெரிக்காவில் நடந்தது

2011 ஜூனில் ஆப்கானிஸ்தான் யுத்தத்திலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் டெல்டா கம்பெனியின் விமானத்தில் ஏறினார்கள். ஆளுக்கு நாலு பெட்டி கொண்டுவரலாம் என்பது ராணுவ உத்தரவு. மூன்றுதான் இலவசம் என்பது கம்பெனியின் விதி. நாலாவது பெட்டிக்கு 200 டாலர் வீதம், மொத்தம் 2,800 டாலருக்கு மேல் சிப்பாய்கள் கட்டினார்கள். ஒருவருடைய நாலாவது பெட்டியில் இருந்தது அவர் யுத்தத்தில் ஏந்திய ஆயுதம்!

சிப்பாய்கள் இதைப் படமெடுத்து வெளியிட்டார்கள். நாடு கொதித்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்டு விதியை மாற்றியது. ஊர் சிரித்த பிறகுதான் நியாயம் பிறந்தது.

ஸ்ரீநகர் தகராறு

நம் நாட்டில் நடந்தது இதைவிட வருத்தமானது. 2025 ஜூலை 26-ம் தேதி ஸ்ரீநகர் விமான நிலையத்தில், கைச்சாமான் 7 கிலோதான் அனுமதி என்கிற இடத்தில் ஒரு ராணுவ அதிகாரி 16 கிலோ கொண்டுவந்தாராம். பணம் கேட்டதும் அவர் அடித்ததில் சிப்பந்திகள் நாலு பேர் காயமடைந்ததாக ஸ்பைஸ்ஜெட் கம்பெனி கூறியது. போலீஸார் வழக்குப் பதிவு செய்தார்கள்.

அடிப்பதை யாரும் ஆதரிக்க முடியாது. மேஜைக்குப் பின்னால் நிற்கிற பெண்ணும் மாதச் சம்பளக்காரிதான். விதியை அவள் எழுதவில்லை. மீறினால் வேலை அவளுக்குத்தான் போகும். விதியைத் திருத்த வேண்டியவர்கள் டில்லியில் இருக்கிறார்கள். தராசுக்கு முன்னால் மோதிக்கொள்வதோ இரண்டு சம்பளக்காரர்கள்!

யார் கொடுப்பது?

"எங்கள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? துறைமுகத் தொழிலாளிக்கும் நர்ஸுக்கும் கேட்பீர்களா?" என்று கம்பெனிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் கம்பெனியிடம் தர்மம் கேட்க வேண்டாம் என்கிறோம். உத்தரவு போட்டு அனுப்புகிற சர்க்கார்தான் பெட்டிக்கும் பணம் கொடுக்க வேண்டும்.

கப்பல் வேலைக்குப் போகிற நம் பகுதி வாலிபர்களைக் கேளுங்கள். வெளிநாட்டு விமானக் கம்பெனிகள் பல, மாலுமிகளுக்குத் தனிக் கட்டணம் வைத்துக் கூடுதல் சாமானுக்கும் இடம் தருகின்றன. மாலுமியிடம் அவ்வளவு பிரியமா? இல்லை. கப்பல் கம்பெனிகள் வருஷம் முழுவதும் டிக்கெட் வாங்குகின்றன. மொத்தமாக வாங்குகிறவர் கேட்கிறார்; விற்கிறவர் கொடுக்கிறார். இந்திய சர்க்காரைவிட மொத்தமாக வாங்குகிறவர் யார்? பேரம் பேச அதற்குத் தெம்பு இல்லையா?

இடமாற்றம், எல்லைப் பணி, ஓய்வு பெற்று ஊர் திரும்புதல் – உத்தரவின் பேரில் நடக்கிற இந்தப் பயணங்களுக்கு, ரயிலில் உள்ளபடி 40 கிலோ டிக்கெட்டிலேயே அச்சாகி வரட்டும். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விதி இருக்கட்டும். சொந்த வேலையாகப் போகும்போது மற்றவர்களைப் போல் அவரும் கட்டட்டும். கம்பெனி விரும்பினால் குறைக்கட்டும்.

அன்னிய ஆட்சி மண் சாலையில் செய்த மரியாதையை, நம் ஆட்சி ஆகாய வழியில் செய்யக் கூடாதா? சர்க்கார் யோசிக்க வேண்டும்.